வானம்பாடிக்குக் கிளை கிடைக்காத கதை

பறவைகள் ஒன்றோடொன்று வம்பளந்துகொண்டிருந்த அந்தக் காலத்தில், வானம்பாடி மேய்ச்சல் காட்டில் எருமையின் குளம்புத்தடத்துக்குள் முட்டையிட்டிருந்தாள். பெருமழை வந்தால் போச்சு. இன்னோர் எருமை கால் வைத்தாலும் போச்சு. கண்ணை மூடவே அவளுக்குப் பயம்.

மழைக்காலத்துக்கு முன்னால் அங்கே பாட்டுக் கூட்டம் நடக்கும். யாருடைய பாட்டைக் கூட்டமே சேர்ந்து பாடுகிறதோ, அவருக்கு ஆலமரத்தில் ஒரு கிளை. அந்தக் கிளை எப்படியும் வேண்டும் என்று வானம்பாடி தவித்தாள்.

ஆனால் அவள் பாட்டு யாரும் சேர்ந்து பாட முடியாதது. அன்றைக்குக் கண்டதையெல்லாம் மூச்சுவிடாமல் அதில் அடைத்துவிடுவாள்: மேகம் எந்தப் பக்கம், முட்டை தின்னும் உடும்பு எந்தப் புதரில், யார் முட்டை உருண்டது.

கூட்டத்தை நடத்துகிற மைனா தலையில் அடித்துக்கொண்டாள். "பாட்டாடி இது? கடுகு டப்பா கவிழ்ந்த மாதிரி இருக்கு. முதல் சொல்லுக்குச் சிறகு தட்டறதுக்குள்ள நாலாவது சொல் போயிடுது! அந்தக் குக்குறுவானைப் பாரு. 'டுக், டுக்'குன்னு ஒரே சொல். காடே ஆடுது. நீயும் ஒரு வரியை வச்சுக்கோ. அதையே திருப்பித் திருப்பிப் பாடு."

முட்டைகளை நினைத்து வானம்பாடி தலையாட்டினாள்.

கூட்டத்தன்று "மேகம் வருது, மேகம் வருது" என்று மட்டும் பாடினாள். காடே சேர்ந்து பாடி அதிர்ந்தது. கொக்கு ஒற்றைக் காலில் குதித்தது. மைனா கிளையைக் காட்டிக் கண்ணடித்தாள்.

அப்போது முன்வரிசையிலிருந்து காடை மெதுவாகக் கேட்டாள். அவளும் தரையில் முட்டையிட்டிருப்பவள்.

"அக்கா, உடும்பு எந்தப் புதர்ல? அதை இன்னிக்குப் பாடவே இல்லையே."

வானம்பாடி கிளையைப் பார்த்தாள். கிளை ஓர் எட்டில் இருந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு முழுப்பாட்டையும் எடுத்துவிட்டாள். உடும்பு, புதர், மேகம், எல்லாம்.

கூட்டம் வாயைப் பிளந்தது. கொட்டாவி விட்டது. பிறகு குக்குறுவான் பக்கம் நகர்ந்துவிட்டது. கிளையும் அவனுக்கே போனது.

"கிடைச்சதை உதறிட்டியேடி! குஞ்சுகளை நினைச்சியா?" என்று மைனா கத்தினாள்.

"அதுங்களை நினைச்சுத்தான்! உடும்பு மரமும் ஏறும். அது எங்கே இருக்குன்னு பாடாத வாயை வச்சுக்கிட்டு எந்தக் கிளையில உட்கார்ந்து என்ன? என் பாட்டு நீளம்னா உங்க காதை நீட்டிக்குங்க. கிளை உங்களோடது. மேலே இருக்கற வானம் யாரோடதும் இல்லை."

சொன்னவள் விருட்டென்று எழும்பினாள். பாடிக்கொண்டே ஏறினாள். கீழே காடை மட்டும் கழுத்தை உயர்த்திக் கடைசிச் சொல் வரை கேட்டாள். பிறகு ஓடிப்போய்த் தன் முட்டைகளைப் புல்லால் மூடினாள்.

அன்று தொடங்கியதுதான் இது. வானம்பாடி இன்னமும் தரையில் கூடு கட்டி, உயரே போய் முழுப்பாட்டைப் பாடுகிறாள். மூச்சுவிடாமல் சொல் அடுக்குகிற ராப் பாடகர்கள் பலருக்கும் பெரிய அரங்கம் நிறைவதில்லை. வந்து நிற்கிற கொஞ்சப் பேர், கடைசிச் சொல் விழும்வரை நகர்வதுமில்லை.