வரைபடத்தின் இடது ஓரம்

அன்னப்பறவை பாலையும் நீரையும் பிரித்துவிடும் என்று முன்னோர் சொன்னதை நாமும் நம்பிக்கொண்டிருக்கிறோம். மிகுந்த வருத்தத்தோடு இதை மறுக்க வேண்டியிருக்கிறது. அப்படிப் பிரித்த அன்னத்தை யாரும் பார்த்ததில்லை என்பது சிறிய குறைதான். பெரிய குறை வேறு. பால் என்பதே நீரில் மிதக்கும் கொழுப்புத் துளிகள். கறக்கும்போதே அது பிரிந்துதான் கிடக்கிறது. பாவம், அன்னத்துக்கு அங்கே வேலையே இல்லை.

இப்படியொரு நம்பிக்கை தேவசகாயத்துக்கும் இருந்தது: கண்ணாடிபோலத் தெளிந்த கலவை, ஒன்றாகிவிட்ட கலவை.

அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. பிளாஸ்டிக் குழாய் ஆலை வேலையை விட்டுவிட்டு முனைவர் பட்டத்துக்கு வந்தவர். அவருடைய குரு மெஹருன்னிசாவுக்கு முப்பத்தெட்டு. அவர் "மேடம்" என்பார், இவர் "சார்" என்பார். யார் யாருக்கு மரியாதை தருகிறார்கள் என்பது அந்த ஆய்வகத்தில் எவருக்கும் விளங்கியதில்லை.

தேவசகாயத்தின் ஆறு ஆண்டு உழைப்பும் ஒரே வாக்கியத்தில் அடங்கியிருந்தது: சேரவே சேராத இரண்டு பாலிமர்கள், அவர் கண்டுபிடித்த பக்குவத்தில், உருகி ஒன்றாகிவிடுகின்றன. வெள்ளிக்கிழமை ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். மேடத்தின் கையெழுத்து மட்டும் பாக்கி.

செவ்வாய்க்கிழமை பிற்பகல், ஆய்வேட்டை மார்போடு அணைத்தபடி ஆய்வகத்தில் மேடத்தின் முன் வந்து நின்றார். வெளியே மழை வருவதும் வராததுமாக இருந்தது. உருகியதன் ஓட்டத்தை அளக்கும் கருவியின் இரண்டு வட்டத் தட்டுகளுக்கு நடுவே அவருடைய கலவை தேன் நிறத்தில் உருகிக் கிடந்தது. மேல் தட்டு இப்படியும் அப்படியும் லேசாகத் திருகும். உருகிய கலவை எவ்வளவு வழிகிறது, எவ்வளவு மீள்கிறது என்று கருவி புள்ளி புள்ளியாக எழுதும்.

"கையெழுத்துப் போடலாமா, மேடம்?"

"சாப்டீங்களா, சார்?"

"சாப்டேன், மேடம்."

"வீட்ல எல்லாரும் நல்லாருக்காங்களா?"

"நல்லாருக்காங்க."

"கலவை ஒண்ணாயிடுச்சா?"

"ஆயிடுச்சு, மேடம்."

மூன்று பதிலும் ஒரே வேகத்தில் வந்தன.

மெஹருன்னிசா பேனாவை மூடி வைத்தார். கருவியின் வேகத்தைக் குறைத்தார். இன்னும் குறைத்தார். தட்டு நின்றுவிட்டது போலிருந்தது.

"ஓடுதா, மேடம்?"

"ஓடுது. ஒரு தடவை போய் வர பத்து நிமிஷம்."

"இவ்ளோ மெதுவா யாரு வைப்பா? ஆளுக்கு அரைமணி நேரந்தான். வெளியில பசங்க முறைக்கிறாங்க."

அவர் சொன்னது உண்மை. அங்கே எல்லோரும் வேகத்தில் தொடங்கி, மெல்ல இறங்கி, அரைமணி தீர்ந்ததும் எழுந்துவிடுவார்கள். மிக மெதுவான வேகத்தின் புள்ளிகள் விழும் இடம், வரைபடத்தின் இடது ஓரம், கடவுளுக்கு விடப்பட்டது.

"உக்காருங்க, சார்."

உட்கார்ந்தார். மேடம் வேறெதுவும் கேட்கவில்லை. மழை ஒரு முடிவுக்கு வந்து பெய்யத் தொடங்கியது. தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தவருக்கு, அசைவது தட்டா அறையா என்று தெரியாமல் போயிற்று. கண் தானாக மூடியது. தேன் நிறத்தில் ஒரு வெளி. அதில் நிலா நிலாவாகத் துளிகள். எங்கிருந்தோ ஓர் இழுப்பு வந்தது. நிலாக்கள் முட்டை வடிவாக நீண்டன. இழுப்பு தணிந்ததும், அவசரமே இல்லாமல், மறுபடி உருண்டையாகின. எதுவும் எதனோடும் கரையவில்லை.

"நான் சாப்பிடல, மேடம்," என்றார், கண்ணைத் திறக்காமல்.

மேடம் தலையசைத்தார். தட்டு இன்னொரு முறை போய்த் திரும்பியது.

"பெரிய பொண்ணு எங்கூடப் பேசி நாலு மாசமாச்சு."

மழை ஓய்ந்து கொஞ்ச நேரமாயிற்று.

"மூணாவது வருஷம், யாரும் இல்லாத ஒரு ஞாயித்துக்கிழமை, மெதுவா ஓட்டிப் பாத்தேன். இடது ஓரத்துல சரிவு இறங்காம ஒரு மேடு நின்னுச்சு. கருவி நடுங்குதுன்னு நெனச்சேன். நெனச்சேன்னு சொல்ல முடியாது. அந்த ஓரத்த வெட்டிட்டேன்."

திரையில் புள்ளிகள் இடதுபக்கம் ஒவ்வொன்றாக வந்து அமர்ந்தன. கலவை ஒன்றாகியிருந்தால் அவை சரிந்து இறங்கியிருக்க வேண்டும்; இறங்கவில்லை. ஒரு சிறிய மேட்டின்மேல் வரிசையாக நின்றன.

"பிரிஞ்சுதான் கெடக்கா?"

"ஆமா, சார்."

"கண்ணுக்கு அவ்ளோ தெளிவா இருந்துச்சே!"

"ரெண்டும் வெளிச்சத்த ஒரே அளவு வளைக்குது. வெளிச்சத்துக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

"சரி. வேகமா ஆட்டினப்பவாவது காட்டியிருக்கலாமே?"

"துளி நீண்டு, பழையபடி உருண்டு வர நேரமாகும், சார். அதுக்குள்ள நீங்க அடுத்த கேள்விக்குப் போயிட்டீங்க."

தேவசகாயம் ஆய்வேட்டின் அட்டையைத் தடவினார். பொன் எழுத்துகள் விரலில் இடறின.

"ஆறு வருஷம், மேடம். இப்ப நான் என்ன எழுதறது?"

"இப்பத்தான் அது பேச ஆரம்பிச்சிருக்கு. குறுக்க பேசாதீங்க."

ஆய்வேட்டைக் கொடுத்திருக்க வேண்டிய வெள்ளிக்கிழமை, காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை அந்தக் கருவி வேறு யாருக்கும் கிடைக்கவில்லை.