மறந்தவரிடம் சொன்னது

"அவருக்கு எல்லாம் மறந்துபோச்சு அம்மா. எனக்குத்தான் மறக்கமாட்டேங்குது."

வந்ததும் வராததுமாகச் செண்பகவல்லி இதைச் சொன்னாள்.

ஆற்றங்கரை மடத்து அம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். செண்பகவல்லிக்கு மகளாக இருக்கக்கூடிய வயதுதான் அவருக்கு. ஆனாலும் அவரைத்தான் அவள் குருவாக வரித்திருந்தாள்.

"உட்காருங்க அக்கா. வீட்டில அவர்கூட யார் இருக்கா?"

"பக்கத்து வீட்டு ஜெயக்கொடி. மதியம்வரைக்கும் பார்த்துக்கறேன்னு சொன்னா."

"சாப்பிட்டீங்களா?"

அவளை யாரும் அப்படிக் கேட்டு வெகுநாளாகியிருந்தது. அழுகை வந்துவிட்டது.

அம்மை கீரைக்கட்டை ஒதுக்கிவைத்தார்.

"காலையில அவரைக் கிள்ளிட்டேன்," என்றாள் செண்பகவல்லி. "ராத்திரி படுக்கையிலேயே ஒண்ணுக்குப் போயிட்டார். குளிப்பாட்டலாம்னு சட்டையைக் கழட்டப் போனா, கையைத் தட்டித் தட்டி விடுறார். ஆத்திரத்துல கிள்ளிட்டேன். கன்னிப்போச்சு."

"அவர் என்ன சொன்னார்?"

"'நான் என்னங்க தப்பு பண்ணினேன்'னு கேட்டார்."

ஒரு காலத்தில் சங்கரலிங்கம் வருகிறார் என்றால் கடைத்தெரு ஒதுங்கி நிற்கும். இரும்புக்கடை வைத்திருந்தவர். வாயும் கையும் எப்போதும் முந்திக்கொள்ளும், வீட்டில் இன்னும் கூடுதலாக. மறதி நோய் வந்த பிறகு ஆள் அடங்கிப்போனார். கட்டிய மனைவியை அடையாளம் தெரியவில்லை. தான் யாரோ ஒருவர் வீட்டில் விருந்தாளியாகத் தங்கியிருப்பதாக நினைப்பு. அவளை 'நீங்க', 'வாங்க' என்பார். கஞ்சி கொடுத்தால் கையெடுத்துக் கும்பிடுவார்.

"நேத்து ரசம் ஊத்தினேன் அம்மா. 'இவ்வளவு ருசியா யாருங்க வெச்சது'ன்னு கேட்கிறார். அதே ரசம்தான். தட்டோட தூக்கிச் சுவத்துல வீசினாரே, அதே ரசம்."

அம்மை தலையசைத்தார்.

"என்னைக்காவது ஒரு நாள் உட்கார வெச்சுக் கேட்டுடணும்னு இருந்தேன். வயசாகட்டும், கொஞ்சம் ஓயட்டும், அப்ப கேட்போம்னு. இப்ப நான் எதைன்னு கேட்பேன்? இன்னிக்குக் கிள்ளினேன். நாளைக்கு என்ன செய்வேனோன்னு பயமா இருக்கு."

சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"மன்னிச்சிடுங்கன்னு சொல்லப் போறீங்க. அதானே?"

"இல்லை."

செண்பகவல்லி நிமிர்ந்து பார்த்தாள்.

"இதையெல்லாம் யார்கிட்டயாவது சொல்லியிருக்கீங்களா அக்கா?"

"யார்கிட்டப் போய்ச் சொல்றது? வீட்டு விஷயம்."

"அப்ப அவர்கிட்டயே சொல்லுங்க."

"அவருக்குப் புரியாதே."

"புரியணும்னு நான் சொல்லலையே."

அம்மை எழுந்து உள்ளே போனார். ஒரு தட்டில் இட்லியும், கூடவே ஒரு பாயும் கொண்டுவந்தார்.

"முதல்ல சாப்பிடுங்க. கொஞ்ச நேரம் கண்ணை மூடுங்க. அப்புறம் போகலாம். இன்னிக்கு அவர் குளிக்கலைன்னா ஈரத்துணியால துடைச்சு விடுங்க. குடி முழுகிடாது."

*

அவள் வீட்டுக்குத் திரும்பியதும் ஜெயக்கொடி கிளம்பிப் போனாள்.

சங்கரலிங்கம் கட்டிலில் உட்கார்ந்து, கன்றிய கையைத் தடவிக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் சுவரோரம் நகர்ந்தார்.

அடிக்க வருகிறாள் என்று நினைக்கிறார். அந்த நகர்தல் அவளுக்குத் தெரியும். எத்தனையோ முறை அவளே அப்படி நகர்ந்திருக்கிறாள்.

எட்டியே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். எப்படித் தொடங்குவது? அவர் பேரைச் சொல்லிப் பழக்கமில்லை. 'நீங்க' என்று சொல்லவும் வாய் எழவில்லை.

"எங்க வீட்டுக்காரர்..." என்று ஆரம்பித்தாள்.

"சொல்லுங்க," என்றார் அவர்.

சொன்னாள். விருந்தாளிகள் முன்னால் அறை வாங்கியதைச் சொன்னாள். அம்மா இறந்த சேதி வந்த அன்று, கடையில் ஆயுத பூஜை என்று ஊருக்கு அனுப்ப மறுத்ததைச் சொன்னாள். போய்ச் சேர்ந்தபோது தகனம் முடிந்து வீடு கழுவியிருந்தார்கள் என்று சொல்லும்போது குரல் உடைந்தது. நிறுத்திவிட்டுத் திரும்பச் சொன்னாள். கொதிக்கிற குழம்புச் சட்டியை அவர் எட்டி உதைத்ததைச் சொன்னாள்.

சேலையை ஒதுக்கிப் பாதத்துத் தழும்பைக் காட்டினாள்.

சங்கரலிங்கம் கட்டிலைவிட்டு மெல்லத் தரையில் இறங்கி உட்கார்ந்தார். விரலால் அதைத் தொட்டார்.

"இன்னும் வலிக்குதா?"

"கால் வலிக்கலை."

அவர் கண் கலங்கிவிட்டது.

"உங்களை யாரும் கூட்டிட்டுப் போக வரலையா?"

"வரலை."

"சோறு போடுறவங்களை இப்படிப் பண்ணியிருக்கானே. அந்த ஆள் இப்ப எங்க?"

அவள் சேலையை இழுத்துத் தழும்பை மூடினாள்.

அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கட்டில் சட்டத்தைப் பிடித்து எழுந்தார். சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து போய் வாசல் கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் எங்கே என்று தடவித் தேடிப் போட்டார். கதவில் முதுகைக் கொடுத்து நின்றுகொண்டார். வேட்டிக்குள் கால்கள் வெடவெடவென்று ஆடின.

"நீங்க பயப்படாதீங்க," என்றார். "அவன் வந்தா நான் பேசிக்கறேன்."

செண்பகவல்லி அருகே போனாள். கன்றிய இடத்தில் படாமல் அவர் கையைப் பிடித்தாள்.

"வந்து உட்காருங்க."

"அவன் வந்துட்டா?"

"வரமாட்டார். அவர் போயிட்டார்."

சொன்ன பிறகுதான் அது அவள் காதில் விழுந்தது.