நேரலையைப் பார்த்த ஒருவர்

பவளமுனை ஒரு தீவு நாட்டின் தலைநகரம். பெயருக்குத்தான் தலைநகரம், காலையில் நடக்கக் கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் ஊரையே சுற்றி வந்துவிடலாம். அங்கே நகர மன்றச் செயலாளராக இருந்தவர் தணிகாசலம். தன்னைவிடப் பத்து வயது இளையவரான மெய்யம்மையைக் குருவாக ஏற்றிருந்தார். மனதை ஏதாவது குடைந்தால் ஞாயிற்றுக்கிழமை ஆசிரமத்துக்குப் போய்விடுவார்.

அந்த ஞாயிறும் போனார். மெய்யம்மை பாகற்கொடிக்குப் பந்தல் கட்டிக்கொண்டிருந்தார். கயிற்றின் ஒரு முனையைத் தணிகாசலத்தின் கையில் கொடுத்து, என்ன விஷயம் என்று கேட்டார்.

தணிகாசலம் கொட்டித் தீர்த்தார். மன்றக் கூட்டங்களை மக்கள் வீட்டிலிருந்தே பார்க்கட்டும் என்று இணையத்தில் நேரலை விட ஏற்பாடு செய்தது அவர்தான். உறுப்பினர்களோடு ஒரு வருடம் மல்லுக்கட்டி வாங்கிய அனுமதி. ஆறு மாதமாக நேரலை ஓடுகிறது. எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்பது திரையின் ஓரத்தில் தெரியும். எந்தக் கூட்டமானாலும் அந்த எண் ஒன்றுதான். ஒரே ஒருவருக்காக எதற்கு இந்தக் கூத்து, நிறுத்திவிடலாம் என்று உறுப்பினர்கள் இப்போது தீர்மானம் கொண்டுவந்திருக்கிறார்கள். நாளை வாக்கெடுப்பு. அதற்கு முன் செயலாளர் தன் கருத்தை எழுதித் தர வேண்டும்.

"எனக்கே அலுத்துவிட்டது அம்மா. நிறுத்தலாம் என்று எழுதிவிடட்டுமா?"

"கயிற்றை இழுத்துப் பிடியுங்கள்," என்றார் மெய்யம்மை. "அந்த ஒருவர் யார்?"

அதுதான் யாருக்கும் தெரியவில்லை என்றார் தணிகாசலம். மன்றத்தில் ஆளுக்கொரு சந்தேகம். உறுப்பினர் சவரிமுத்து, பார்ப்பது தன் மாமியார்தான் என்று நம்புகிறார். கூட்டத்தில் தூங்குவதை விட்டுவிட்டார். இன்னொரு உறுப்பினர் ரெஜினாவுக்கு, தன் பழைய தமிழாசிரியையோ என்று பயம். இப்போதெல்லாம் எழுதி, திருத்தி எடுத்து வந்துதான் பேசுகிறார். தலைவரோ, தேர்தலில் தன்னிடம் தோற்றவர்தான் என்று சத்தியம் செய்கிறார். கடற்கரைத் திடலைத் தன் மைத்துனரின் விடுதிக்குக் கொடுக்க ஒரு தீர்மானத்தை எழுதி வந்த தலைவர், வாசிக்க எழுந்தார், கேமராவைப் பார்த்தார், மடித்துப் பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பிள்ளைகள் இன்னும் அந்தத் திடலில்தான் பந்தாடுகிறார்கள்.

சொல்லச் சொல்லத் தணிகாசலத்துக்கே சிரிப்பு வந்தது. மெய்யம்மையும் சிரித்தார். கயிறு இருவர் கையிலிருந்தும் நழுவிப் போனது.

சிரித்து ஓய்ந்ததும் தணிகாசலம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நிறுத்தக் கூடாது என்றே எழுதப் போவதாகச் சொன்னார். கிளம்பும்போது முகம் தெளிந்திருந்தது.

வாசல்வரை போனவர் திரும்பி வந்தார்.

"கணினிப் பிரிவில் கேட்டிருந்தேன் அம்மா. முயன்றால் நாளைக்குள் அந்த ஒருவர் யாரென்று கண்டுபிடித்துவிடலாம் என்கிறார்கள். மன்றத்தில் பெயரைச் சொல்லி நன்றி சொல்லலாம் என்று ஆசை."

மெய்யம்மை பந்தலிலிருந்து தலையைத் திருப்பவில்லை.

"கண்டுபிடித்துவிடாதீர்கள்," என்றார்.