காலாவ் சொன்ன உச்சிப்பொழுது

பறவையும் எருமையும் மனிதரும் ஒரே மொழி பேசிய அந்தக் காலத்தில், பிலிப்பைன்ஸ் தீவு ஒன்றில், ஆறு கடலோடு சேரும் இடத்தில் பாலிந்தாவ் என்றொரு சிற்றூர் இருந்தது. மூங்கில் வீடுகளும் ஓலைக் கூரைகளும்தான் ஊர். தென்மேற்குக் காற்று வீசத் தொடங்கியதும் அந்தக் காற்றைப் பிடித்துக்கொண்டு கடற்கொள்ளையர் படகுகள் வரும். நெல்லை அள்ளுவார்கள், ஆட்களைப் பிடிப்பார்கள், கூரைக்குத் தீ வைத்துவிட்டுப் போவார்கள். இரண்டு முறை ஊர் முழுதாக எரிந்தது. இரண்டு முறையும் மிஞ்சியவர்கள் அதே சாம்பலின் மேல் மூங்கில் நட்டார்கள்.

மூன்றாவது முறை எரிந்தபோது, இனிமேல் மூங்கில் வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். கரையை ஒட்டிய மேட்டில் கல்லால் ஒரு மதிலும், கடலைப் பார்த்தபடி ஒரு காவல் கோபுரமும் எழுப்புவது. படகு தெரிந்தால் ஊர் மொத்தமும் உள்ளே போய்க் கதவை அடைத்துக்கொள்வது.

வேலைக்குத் தலைவராக லாசரோ என்பவரை வைத்தார்கள். பெரியவர்களை அந்த ஊரில் ‘மாங்’ என்ற மரியாதைச் சொல்லோடு அழைப்பார்கள். அவரை மாங் லாசரோ என்றார்கள். கடைசியாக வந்த படகுகளில் அவருடைய இரண்டு மகள்களும் பிடிபட்டுப் போயிருந்தார்கள். அதற்குப் பிறகு அவர் எவரிடமும் சத்தம் போட்டதில்லை. மெதுவாகத்தான் பேசுவார். ஆனால் சொன்னதை மாற்றமாட்டார்.

“அடுத்த தென்மேற்குக் காற்றுக்கு முன்னால் முடிக்கணும்” என்றார். “நிற்க முடிகிற எல்லோரும் சுமக்கணும்.”

கடல் வற்றும் நேரத்தில் பவளப்பாறையை வெட்டி எடுத்து, தோளிலும் தலையிலும் வைத்து மேட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். ஈரமான பவளக் கல் கனக்கும், தோலையும் கிழிக்கும். விடிந்தது முதல் இருட்டும்வரை இதே வேலை. நடுவில் ஒரே ஓய்வு. சூரியன் உச்சிக்கு வந்து, நிழல் காலடிக்குள் ஒடுங்கும்போது கல்லைக் கீழே வைக்கலாம். நிழல் ஒரு சாண் வெளியே வந்ததும் மறுபடி தூக்க வேண்டும்.

அந்த ஆண்டு மேகம் கலையவே இல்லை. மேகம் இருந்தால் நிழல் இல்லை. நிழல் இல்லாவிட்டால் உச்சிப்பொழுதும் இல்லை. “இன்னும் ஆகலை” என்பார் மாங் லாசரோ, வானத்தைப் பார்த்து. கொஞ்ச நேரம் கழித்து, “இன்னும் ஆகலை.” பிறகு பார்த்தால் இருட்டியிருக்கும். அவர் ஏமாற்றவில்லை. அவருக்கும் தெரியவில்லை, அவ்வளவுதான். ஆட்கள் பாதையிலேயே மடங்கி விழத் தொடங்கினார்கள்.

அவர்களில் சியாங் என்ற பெண் ஒருத்தி இருந்தாள். அவள் புருஷன் ருஃபினோ சுண்ணாம்புச் சூளையில் கூடை சுமந்தான். அவள் கல் சுமந்தாள். கல் கொண்டுபோகும் பாதை மேட்டின் ஓரத்தில் ஒரு பெரிய நார்ரா மரத்தைத் தாண்டிப் போகும். நம் வேங்கைக்கு உறவான மரம் அது. உச்சிக் கிளையில் ஒரு இருவாச்சிப் பறவை இருந்தது. அதை அங்கே காலாவ் என்பார்கள்.

ஒரு நாள் சியாங் அந்த மரத்தடியில் கல்லை இறக்கிவிட்டு அண்ணாந்து பார்த்தாள்.

“காலாவ், நீ மேகத்துக்கு மேலே போவாயா?”

“போவேன். இப்போதுதான் போய்விட்டு வந்தேன்.”

“சூரியன் எங்கே இருக்கு?”

“உச்சியைத் தாண்டி இறங்கிக்கொண்டிருக்கிறது. ஏன்?”

“உச்சியில்தான் எங்களுக்கு ஓய்வு” என்று சொல்லி அழுதுவிட்டாள். காலாவ் இரண்டு கிளை கீழே இறங்கி வந்தது. அதுவும் இளைத்துத்தான் போயிருந்தது. அந்த மரத்தின் பொந்துக்குள் அதன் பேடை முட்டையோடு இருந்தது. உள்ளே போனதும் வாசலை மண்ணால் பூசி அடைத்து, அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறல் மட்டும் விடுவது அந்தப் பறவைகளின் வழக்கம். உள்ளே இருக்கும் பேடையின் சிறகுகள் உதிர்ந்துவிடும், பறக்க முடியாது. சிறகு மறுபடி முளைத்து, குஞ்சு வளரும்வரை ஆண்தான் பழம் கொண்டுவந்து கீறல் வழியாக ஊட்ட வேண்டும்.

“நீ கல் சுமக்கிறாய், நான் அத்திப்பழம் சுமக்கிறேன்” என்றது காலாவ். “எனக்குமே உட்கார நேரமில்லை. ஆனால் ஒரு குரல் கொடுப்பதில் என்ன வந்துவிடப்போகிறது? சூரியன் உச்சிக்கு வரும்போது கூவுகிறேன். பதிலுக்கு இந்த மரத்தில் யாரும் கோடரி வைக்கக் கூடாது.”

சியாங் போய்ச் சொன்னாள். மாங் லாசரோ உடனே ஒப்புக்கொண்டார். “நேரம் சொல்ல ஒருவர் இருந்தால் எனக்கும் நல்லதுதான். மரம் அதனுடையது.”

மறுநாள் முதல் அப்படியே நடந்தது. மேகத்துக்கு மேலிருந்து எக்காளம் போல ஒரு குரல் வரும். எல்லோரும் கல்லை வைத்துவிட்டு, வைத்த இடத்திலேயே பக்கத்தில் படுத்துக்கொள்வார்கள். எருமைகள் சேற்றில் சாயும். அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தான் ஊர் காலையில் எழுந்தது. மதில் உயர்ந்தது. கோபுரமும் பாதிக்கு மேல் வந்துவிட்டது.

அப்போது ருஃபினோவுக்குக் காய்ச்சல் கண்டது. நான்கு நாட்கள் காய்ச்சலோடேயே கூடை சுமந்தான். ஐந்தாம் நாள் காலையில் சியாங் அவனைச் சூளைக்கு அருகே பார்த்தாள். கூடையைத் தூக்கிவிட்டு எந்தப் பக்கம் நடப்பது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தான். அவள் பாதையில் ஓடி மரத்தடிக்கு வந்தாள்.

“இப்போதே கூவு.”

“இன்னும் நேரமாகலை, சியாங். காலை பாதிகூடப் போகலை.”

“அவன் மதியம்வரை தாங்கமாட்டான். மேகம் மூடியிருக்கு. யாருக்குத் தெரியும்?”

“எனக்குத் தெரியும்” என்றது காலாவ்.

காலாவ் சூளைப் பக்கம் பார்த்தது. ருஃபினோ கூடையோடு இன்னும் அதே இடத்தில் நின்றான். காலாவ் கழுத்தை நீட்டிக் கூவியது.

எல்லோரும் கல்லைக் கீழே வைத்தார்கள். ருஃபினோ சூளைச் சுவரோரம் சாய்ந்தவன் அப்படியே தூங்கிப்போனான். அவன் காய்ச்சல் அந்தத் தூக்கத்தில்தான் இறங்கியது. ஆனால் அவன் தூங்கும்போதே, பல வாரங்களாக அசையாத மேகம் கிழிந்து வெயில் இறங்கியது. சூரியன் கிழக்கே இருந்தது. படுத்துக் கிடந்தவர்கள் பக்கத்தில் இருந்த கற்களின் நிழல்கள் எல்லாம் மேற்கே நீளமாக விழுந்து கிடந்தன.

மாங் லாசரோ அந்த நிழல்களைப் பார்த்தார். யாரையும் எழுப்பவில்லை. கோடரியை எடுத்துக்கொண்டு மரத்தை நோக்கி நடந்தார்.

கோபுரத்தின் உச்சிக்கு ஒரு பெரிய உத்தரம் வேண்டியிருந்தது. அவ்வளவு நீளமான மரம் பக்கத்தில் இது ஒன்றுதான். வாக்குக் கொடுத்திருந்ததால் இதுவரை அதைப் பற்றி அவர் வாயைத் திறக்கவில்லை. அது பொய்யாகக் கூவிவிட்டதால், இப்போது அந்த வாக்கு அவரைக் கட்டுப்படுத்தவில்லை.

சியாங் பின்னாலேயே ஓடினாள். “மாங் லாசரோ, பொய் என்னுடையது. நான்தான் கூவச் சொன்னேன்.”

“கூவினது அது.”

காலாவ் கீழ்க்கிளைக்கு வந்தது. மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. “உள்ளே இருப்பவளுக்குச் சிறகு இல்லை” என்று மட்டும் சொன்னது.

அவர் கோடரியை ஓங்கினார். முதல் வெட்டு விழுந்ததும் பொந்துக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. “யாரது? பழம் வந்துவிட்டதா?” அதைத் தொடர்ந்து குஞ்சு ஒன்றின் மெல்லிய கீச்சொலி.

மாங் லாசரோ கோடரியை மரத்திலேயே விட்டுவிட்டு வேரின் மேல் உட்கார்ந்தார். வேலை தொடங்கியதிலிருந்து அவர் பகலில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

“காற்று மாற இன்னும் பதினொரு நாள் இருக்கு” என்றார், தரையைப் பார்த்துக்கொண்டே. “உத்தரம் இல்லாமல் கோபுரம் நிற்காது. கோபுரம் நிற்காவிட்டால் கொள்ளையர் மறுபடியும் பிள்ளைகளைத்தான் தூக்கிக்கொண்டு போவார்கள். அந்த மலை முதுகுக்கு அப்பால் இதைப் போல மரம் இருக்கு. அங்கே வெட்டி, பதினொரு நாளில் இழுத்துக்கொண்டு வந்தால் இதை விட்டுவிடுகிறேன். ஆனால் அந்தப் பதினொரு நாளும் மதிய ஓய்வு கிடையாது. நான் கொடுமைக்காகச் சொல்லவில்லை, சியாங். நாள் இல்லை.”

சியாங் ஊரைக் கூட்டிச் சொன்னாள். கதாலீனா என்ற கல் சுமக்கும் பெண் கோபமாகக் கேட்டாள்.

“ஒரு பறவைக்காகவா? எனக்கு மிச்சமிருப்பதே அந்த ஒரு மதியம்தான்.”

“தெரியும்” என்றாள் சியாங். “எனக்கும் அதுதான் மிச்சம். அது வந்ததே அந்தப் பறவையால்.”

“உன் புருஷனுக்காக அது பொய் சொன்னது. அதை நாங்கள் சுமக்கணுமா?”

“ஆமாம்” என்றாள் சியாங். “சுமக்கச் சொல்லித்தான் கேட்கிறேன்.”

கதாலீனா முழங்காலில் கையூன்றி எழுந்தாள். “சரி, கிளம்புங்கள். இன்னும் உட்கார்ந்திருந்தால் என்னால் எழ முடியாது” என்றாள். ஒவ்வொருவராக எழுந்தார்கள். யார் முகத்திலும் சந்தோஷம் இல்லை.

மலைக்கு அப்பால் மரத்தை வெட்டிச் சாய்க்க இரண்டு நாட்கள் ஆயின. பிறகு இழுப்பு. எருமைகளில் மூத்த கடா ஒன்று, “எங்களை யாரும் கேட்கவில்லை. பரவாயில்லை, இழுக்கிறோம். பேசிக்கொண்டே இழுக்கச் சொல்லாதீர்கள்” என்றது. அதன் பிறகு அது வாய் திறக்கவில்லை. ஏற்றத்தில் மனிதர்கள் கயிற்றைப் பிடித்தார்கள்; இறக்கத்தில் மரம் அவர்களைப் பிடித்துத் தள்ளியது. ருஃபினோவின் கயிற்றையும் சேர்த்து சியாங் பிடித்தாள்.

காலாவ் ஒரு நாளும் தவறாமல், சூரியன் சரியாக உச்சிக்கு வந்தபோது கூவியது. ஆட்கள் கேட்டார்கள். கேட்டுக்கொண்டே நடந்தார்கள். இழுப்பைவிட அதுதான் கஷ்டமாக இருந்தது என்று பிற்பாடு சொன்னார்கள். ஒன்பதாம் நாள் மூத்த கடா நுகத்தடியிலேயே விழுந்து செத்தது. அது இருந்த இடத்தில் எட்டு பேர் கயிறு பிடித்தார்கள்.

பதினொன்றாம் நாள் மாலை உத்தரம் கோபுரத்தின் மேல் ஏறி உட்கார்ந்தது.

மறுநாள் காலாவ் கூவியபோது ஊர் மொத்தமும் படுத்தது. மாங் லாசரோவும் மதிலோரம் படுத்தார். நிழல் ஒரு சாண் வந்தது, ஒரு முழம் வந்தது. எழுப்ப வேண்டியவரே தூங்கிக்கொண்டிருந்தார்.

அந்த ஆண்டு படகுகள் வந்தன. கோபுரத்தைப் பார்த்துவிட்டுக் கரையைத் தொடாமலே தெற்கே போயின.

எரியாத ஊர் என்று பெயர் வந்ததும், எரிந்த ஊர்களிலிருந்தெல்லாம் ஆட்கள் பாலிந்தாவுக்கு வந்தார்கள். மதிலுக்கு வெளியே தெருக்கள் வந்தன, சந்தை வந்தது, ஆற்றுக்குப் பாலம் வந்தது. நார்ரா மரத்தை யாரும் தொடவில்லை. மாங் லாசரோ தன் சொல்லைக் காப்பாற்றினார். ஆனால் அதைச் சுற்றியிருந்த அத்தி மரங்கள் ஒவ்வொன்றாகக் கதவாகவும் விறகாகவும் போயின. அவற்றைப் பற்றி யாரும் வாக்குக் கொடுத்திருக்கவில்லை. காலாவ் ஒரு பழத்துக்காக இரண்டு மலை தாண்டிப் பறந்தது.

ஒரு நாள் பேடையும் வளர்ந்த குஞ்சுகளும் மலைப் பக்கம் பறந்துபோன பிறகு, காலாவ் மட்டும் சியாங்கின் வீட்டு வேலியில் வந்து உட்கார்ந்தது.

“இங்கே பழம் இல்லை. நாங்கள் போகிறோம்.”

அவள் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். கையை உதறிவிட்டு எழுந்தாள். போகாதே என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. “நீ போய்விட்டால் எங்களுக்கு உச்சிப்பொழுதை யார் சொல்வார்கள்?” என்றாள்.

“நான்தான் சொல்வேன். ஒரு முறை தப்பாகச் சொன்னேன். இனி இருக்கும்வரை சரியாகச் சொல்வேன். இங்கே வந்து சேருமா என்று தெரியாது.”

“கேட்காவிட்டால்?”

“கேட்டதாக நினைத்துப் படுத்துக்கொள்ளுங்கள்” என்றது. பிறகு பறந்துபோனது.

அன்று தொடங்கித்தான் அந்தத் தீவின் அடர்ந்த மலைக்காட்டில் காலாவ் சூரியன் உச்சிக்கு வரும் நேரம் பார்த்துக் கூவுகிறது. மலையில் இருப்பவர்கள் அதை வைத்தே பொழுதை அறிகிறார்கள். பாலிந்தாவ் இன்று பெரிய நகரம். நாளுக்கு நாள் உயர்ந்துகொண்டே போகும் அதன் கட்டடங்களில் அந்தக் குரல் யாருக்கும் கேட்பதில்லை. ஆனாலும் உச்சிப்பொழுது ஆனதும் அங்கே கொத்தனாரும் சித்தாளும் சுமையை இறக்கிவிட்டு, சிமெண்ட் மூட்டை மேலும் பலகை மேலும், தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு, இறக்கிய இடத்திலேயே படுத்துவிடுகிறார்கள்.