ஆட்காட்டி ஆலைக்கு இடம் காட்டியது

ஆலைகளுக்குக் கால் இருந்த அந்தக் காலத்தில் ஆறும் பேசும், குருவியும் பேசும். ஒருநாள் பொழுது சாய்ந்து இருட்டியதும் ‘தொம்... தொம்...’ என்று ஒரு சத்தம் கேட்டது. இடி இல்லை. யானையும் இல்லை, யானை இவ்வளவு சத்தமாக நடக்காது.

கூழாங்கற்களுக்கு நடுவில் அடைகாத்துக்கொண்டிருந்த குருவி நடுங்கிப்போனாள். போன முறை இட்ட முட்டைகளைக் கீரி தின்றுவிட்டது. அதிலிருந்து அவளுக்குத் தூக்கமே இல்லை.

வந்து நின்றது ஒரு சாய ஆலை.

“உட்கார இடம் தேடி அலையறேன் அம்மிணி. பஞ்சு விளையற காட்டுக்குப் போனேன், குடிக்கத் தண்ணி இல்லை. மலையில தண்ணி இருக்கு, வண்டி ஏற வழியில்லை. கடலோரம் எல்லாம் உப்பு, துணியில சாயம் பிடிக்கலை. பஞ்சும் பக்கத்துல வேணும், பாதையும் வேணும், நல்ல தண்ணியும் வேணும். அப்படி ஓர் இடம் தெரியுமா?”

நாணலுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்த ஆறு கிசுகிசுத்தது: “சொல்லிடாதடி. அதோட வயித்தைப் பாரு. உட்கார்ந்தா எழுந்திருக்காது.”

குருவி ஆலையைக் கேட்டாள்: “நீ இங்க இருந்தா கீரி வருமா?”

“கீரியா!” ஆலை சிரித்தது. “சுத்தி மதில் கட்டுவேன். ராத்திரியெல்லாம் விளக்கு எரியும். ஓர் எறும்பு உன் பிள்ளைகளை நெருங்கட்டும் பார்க்கலாம்.”

மதில், விளக்கு. அவள் காதில் விழுந்தது அவ்வளவுதான். ஒரு காலைத் தூக்கி நாணல் பக்கம் நீட்டினாள்.

“அடிப்பாவி” என்றது ஆறு.

ஆலை உட்கார்ந்தது. அதன் கால்கள் மண்ணில் புதைந்தன. மதில் வந்தது, விளக்கு வந்தது. கீரி வரவேயில்லை, ஆலை சொன்ன சொல் தவறவில்லை. ஆனால் அது குடித்த தண்ணீரெல்லாம் சிவப்பாக, கொதிக்கக் கொதிக்க ஆற்றுக்கே திரும்பியது.

வெயில் ஏறினால் குருவி ஆற்றில் வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து முட்டைகளைக் குளிர வைப்பாள். அன்றும் அப்படித்தான் செய்தாள். வேறு எப்படிச் செய்ய அவளுக்குத் தெரியும்? சாயத்தில் நனைந்த முட்டைகளில் ஒன்றும் பொரியவில்லை.

“கொஞ்சம் தள்ளி உட்காரேன்” என்று ஆலையிடம் அழுதாள்.

“காலுக்கு எங்க போவேன் அம்மிணி?” என்றது அது.

ஆற்றிடம் ஓடினாள். “அக்கா, ஒரு வாய் நல்ல தண்ணி இருந்தா குடு. அடுத்த முட்டைக்காவது வேணும்.”

“இருக்கற கொஞ்சத்துல என் மீன்குஞ்சுகளைக் காப்பாத்த வேண்டாமாடி?” என்றது ஆறு. அதற்கு மேல் அது அவளோடு பேசவில்லை.

அன்று முதல்தான், இருட்டில் யார் நடந்தாலும் அவள் கத்தித் தீர்க்கிறாள். இடம் காட்டிக் கெட்டவள், இப்போது வருகிற ஆளைக் காட்டுகிறாள். ஆட்காட்டி என்ற பெயரும் அப்படி வந்ததுதான். கண்ணோரம் தெறித்த சாயம் இன்னும் சிவப்பாகவே இருக்கிறது. ஆற்றுக்கு அவள் கத்துவது கேட்பதில்லை. மிச்சமிருந்த மீன்குஞ்சுகளை மடியில் கட்டிக்கொண்டு அது என்றோ மணலுக்கு அடியில் இறங்கி, கதவைச் சாத்தி, உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டது.