மேலிருந்து கீழாகக் கழுவிய கார்

கோணக்கரைப்பட்டி சீரங்கனுக்கு அன்று ஒரே கவலைதான். மறுவீட்டுக்கு வந்த புது மாப்பிள்ளை முகம் கோணாமல் ஊர் திரும்ப வேண்டும். மாப்பிள்ளையோ கோயிலுக்குக் கிளம்பும்போது தன் காரையும், தண்ணீரைப் பீய்ச்சியடிக்கும் மெஷினையும் அவரிடமே விட்டுவிட்டார்.

"மாமா, நிழல்ல நிறுத்திக் கழுவுங்க. கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கங்க. ஒரு முழமாவது விட்டு நில்லுங்க. மேலருந்து கீழ வாங்க."

சீரங்கன் நான்கையும் விரல் மடக்கி மனப்பாடம் செய்தார். துணைக்குத் தம்பி தவசியும் மச்சினன் ஒச்சுவும் வந்தார்கள்.

வாசலில் நிழல் என்று இருந்தது ஒற்றைத் தென்னையின் நிழல்தான். காரை அதில் நிறுத்தினார்கள். நிழல் நகர்ந்தது, காரையும் நகர்த்தினார்கள். நாலு தரம் தள்ளியதில் மூவரும் வேர்வையில் தொப்பலாக நனைந்தார்கள். கார் மட்டும் நனையவில்லை.

அடுத்தது கண்ணாடி. வீட்டில் இருந்தது சீரங்கன் பேப்பர் படிக்கிற கண்ணாடி ஒன்றுதான். தவசி மாட்டிக்கொண்டான்.

"அண்ணே, எல்லாம் கலங்கலாத் தெரியுது."

"அழுக்குக் காருடா. அப்படித்தான் தெரியும்."

"மேலருந்துன்னாரே, எவ்வளவு மேல?" என்றான் ஒச்சு.

சீரங்கன் அண்ணாந்து பார்த்தார். தென்னைக்கு மேலே எதுவும் இல்லை.

"மச்சான், அவரு ஒரு முழம்தானே சொன்னாரு? இது முப்பது முழம் வருமே."

"ஒரு முழமே பாதுகாப்புன்னா, முப்பது முழம் எவ்வளவு பாதுகாப்பு! ஏறச் சொல்லு."

தவசி குழாயை இடுப்பில் கட்டிக்கொண்டு தென்னையில் ஏறினான். ஒச்சு சுவிட்சைப் போட்டான். தவசியின் கண்ணுக்குப் பச்சையாக, பளபளப்பாக என்னவோ தெரிந்தது. மாப்பிள்ளை காரும் பச்சைதான். குறிபார்த்து அடித்தான்.

டொம்!

தேங்காய் ஒன்று பானெட்டின் இடது பக்கம் விழுந்து, கிண்ணம் மாதிரி குழி ஆக்கிவிட்டது. சீரங்கன் துண்டால் அழுத்தித் துடைத்தார். அழுக்கு போனது, குழி போகவில்லை.

"மச்சான், ஒரு பக்கம் மட்டும் இருந்தாத்தான் அது குழி. வலது பக்கமும் ஒண்ணு இருந்தா, கம்பெனியிலயே வெச்ச மாதிரி இருக்கும்."

சீரங்கனுக்கு உயிர் வந்தது. "தவசி! வலது பக்கம் ஒண்ணு போடுடா!"

இரண்டாவது காயும் இடது பக்கமே விழுந்தது. மூன்றாவதும் அப்படியே. ஐந்தாவது விழும்போது மாப்பிள்ளை வாசலில் நின்றிருந்தார்.

"மாமா... என்ன இது?"

சீரங்கன் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பதறாதீங்க மாப்பிள்ளை. வலது பக்கம் அஞ்சு குழிதான் பாக்கி. இங்க காய் தீந்துபோச்சு. காரைப் பக்கத்து வீட்டு மரத்துக்குத் தள்ளிக்கொண்டுபோகணும், நீங்களும் ஒரு கை பிடிங்க."