பச்சைக் கட்டங்கள்

தூத்துக்குடியில் பியூலா மேடத்திடம் கம்ப்யூட்டர் படித்தவர்களில் தனசிங்தான் மூத்தவன். மேடத்தைவிடவே மூன்று வயது மூத்தவன். அதில் அவனுக்குக் கூச்சம் இருந்ததில்லை, பயம்தான் இருந்தது. போன வருடம் மேற்படிப்புக்கு விண்ணப்பித்த இடமெல்லாம் கைவிரித்துவிட்டார்கள். இந்த வருடம் இருந்த வேலையையும் விட்டுவிட்டு மறுபடி விண்ணப்பித்திருக்கிறான். மற்றதெல்லாம் அனுப்பியாயிற்று. மேடத்தின் சிபாரிசுக் கடிதம் மட்டும் இன்று மாலை ஆறு மணிக்குள் போய்ச் சேரவேண்டும்.

மேடம் அவனுடைய புரொஃபைலைத் திறந்து பார்த்தார். ப்ரோக்ராம் எழுதிப் பொதுவில் வைக்கிற தளம் அது. எழுதிய நாளுக்கு ஒரு கட்டம் பச்சையாகும், எழுதாத நாள் வெறிச்சென்று கிடக்கும். தனசிங்கின் வருடம் நடவு முடிந்த வயலாட்டம் பச்சைப்பசேல் என்று இருந்தது.

"போதுமா மேடம்?" என்று கேட்டான்.

மேடம் மார்கழி மாதத்துக் கட்டங்கள்மேல் விரலை வைத்தார்.

"வெள்ளம் வந்தப்போ ஊர்ல கரண்டும் இல்ல, போனும் இல்ல. அப்பவும் எழுதியிருக்கீங்க."

திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்? வேறு வழியில்லாமல் தனசிங் உண்மையைச் சொன்னான். எங்கோ வெளிநாட்டில் வாடகைக்கு எடுத்த சர்வரில் ஒரு சின்ன ப்ரோக்ராம் ஓடுகிறது. அது தினமும் ஒரு ஃபைலில் ஒரு புள்ளி வைக்கும், கட்டம் பச்சையாகிவிடும். தூத்துக்குடி முங்கியது அதற்கு எப்படித் தெரியும்?

மேடம் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அவன் வைத்திருந்த மற்ற வேலைகளை ஒவ்வொன்றாகத் திறந்தார். நூலகக் கணக்கு, வானிலை, செஸ் விளையாட்டு. ஒவ்வொன்றிலும் ஒரே கேள்விதான் கேட்டார்.

"எழுதுறப்போ இது எங்க மாட்டிக்கிச்சு?"

எங்கேயும் மாட்டவில்லை. வீடியோவைப் பார்த்து அப்படியே தட்டியது எங்கே போய் மாட்டும்? தனசிங் தண்ணீர் குடித்தான். கடிகாரம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"அந்தப் புள்ளி வைக்கிற ப்ரோக்ராம்?"

அதில் மாட்டாத இடமே இல்லை. சர்வரின் கடிகாரம் வெளிநாட்டு நேரம் காட்டியதால் புள்ளியெல்லாம் முந்தின நாளில் போய் விழுந்தன. அதைச் சரிசெய்தான். தினமும் ஒரே நேரத்தில் வைத்தால் மெஷின் என்று தெரிந்துவிடும் என்பதால் நேரத்தை மாற்றி மாற்றி வைக்கவைத்தான். நெட் போனால் காத்திருந்து மறுபடி முயல்வதற்கு ஒரு வழி செய்தான். அதற்காக ஒரு வாரம் சோறு தண்ணி மறந்து மல்லுக்கட்டியிருக்கிறான். சொல்லச் சொல்ல அவனுக்குக் குரல் ஏறியது, கை தானாக ஆடியது. மணியையே மறந்துபோனான்.

மேடம் எழுத ஆரம்பித்தார். அப்பாடா என்று இருந்தது அவனுக்கு. எழுதி முடித்து லேப்டாப்பை அவன் பக்கம் திருப்பினார்.

இவர் ஒரு பொய்யை ஒரு வருடம் பழுதில்லாமல் ஓடவைத்தவர் என்று கடிதம் ஆரம்பித்தது. கடிகாரத்தில் மாட்டியது, நெட்டில் மாட்டியது, அதையெல்லாம் அவனே தீர்த்தது எல்லாமே இருந்தது. வேறு எந்த வேலையைப் பற்றியும் ஒரு வரி இல்லை.

"மேடம், இதை அனுப்புனா எனக்கு சீட்டு கிடைக்காது."

"கிடைக்காமலும் போகலாம்."

"இந்தப் புள்ளி விஷயத்தை மட்டும் எடுத்திருங்க மேடம். கால்ல வேணும்னாலும் விழுதேன்."

மணி ஆறாகச் சில நிமிடங்களே இருந்தன. மேடம் ஒவ்வொரு வரியாக அழித்தார். கடைசியில் திரையில் அவன் பெயர் மட்டும் நின்றது.

"எடுத்தாச்சு," என்றார். "அனுப்பட்டுமா?"